கையில் காசில்லாத ஜாம்பிகள்: சின்ன பட்ஜெட் ஜாம்பி காமெடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாம்பி காமெடிதான் எனக்கு ரொம்பப் பிடித்த சினிமா வகை என்று சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு நிமிடம் முகத்தைப் பார்ப்பார். அடுத்து கேள்விகள் வரும். வீட்டில் கேட்டவை, வேலை பார்க்கும் இடத்தில் கேட்டவை, படம் பார்க்கக் கூடும் நண்பர்கள் கேட்டவை என்று எல்லாவற்றையும் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜாம்பி காமெடி என்றால் என்ன?

செத்தவர் எழுந்து வருவார், கடிப்பார், கடிபட்டவரும் அப்படியே ஆகிவிடுவார். இது ஜாம்பி படம். இந்த ஆபத்தில் மாட்டிக்கொள்கிறவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களாக இருந்து, பிழைப்பதற்காக அவர்கள் படும் பாடு பயத்தோடு சிரிப்பையும் கொண்டுவந்தால் அது ஜாம்பி காமெடி.

பெரிய நடிகர்களை வைத்து எடுத்த பெரிய படங்களைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. நண்பர்கள் சேர்ந்து, லீவு நாட்களில், கிடைத்த கேமராவை வைத்துக்கொண்டு, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு முகத்தில் சாயம் பூசி எடுக்கிறார்களே, அந்தப் படங்களைப் பற்றித்தான்.

பேய், டிராகுலா, ஏலியன் எல்லாம் இருக்கும்போது ஏன் ஜாம்பி?

டிராகுலாவுக்கு மாளிகை வேண்டும். ஏலியனுக்குக் கப்பல் வேண்டும். நம் ஊர்ப் பேய்க்கு ஒரு பிளாஷ்பேக்காவது வேண்டும். யார் ஏமாற்றினார்கள், எப்படிச் செத்தாள் என்று சொல்லியாக வேண்டும். ஜாம்பிக்கு இது எதுவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு பழைய சட்டையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்தால் போதும். உலக சினிமாவில் இதைவிட மலிவான அரக்கன் கிடையாது.

இன்னொரு காரணமும் உண்டு. 1968இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ரொமேரோவும் அவருடைய நண்பர்களும் சுமார் 1,14,000 டாலரில் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார்கள். முதலில் அதற்கு வேறு தலைப்பு. வெளியிடும் முன் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வரி புதிய அட்டையில் விடுபட்டுப்போனது. படத்தின் பிரதியில் அந்த வரி இருந்தால்தான் உரிமை என்பது அன்றைய அமெரிக்கச் சட்டம். ஒரே ஒரு வரி இல்லாததால் படம் பொதுச்சொத்து ஆகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம், அதே மாதிரி ஜாம்பியை வைத்துத் தங்கள் படத்தை எடுக்கலாம். அதை உருவாக்கியவர்களுக்கு அது பெரும் நஷ்டம். ஆனால் செத்தவர் எழுவதும், மனித மாமிசம் தின்பதும், தலையை அடித்தால்தான் அடங்குவதும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத விதிகளாகிவிட்டன. கையில் பணமில்லாத இளைஞன் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தில் 'ஜாம்பி' என்ற சொல்லே ஒரு இடத்தில்கூட வருவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அந்தச் சொல் கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்துச் செத்தவர்களின் மண் அது. செத்த பிறகும் விடுதலை இல்லை, பிணத்தை எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதுதான் அங்கே இருந்த பயம். கடிக்கிற ஜாம்பியைப் பார்த்து நாம் சிரிக்கும்போதும் அந்தச் சொல்லுக்குள் இவ்வளவு துயரம் இருப்பதை மறக்காமல் இருப்பது நல்லது.

பணம் இல்லாதது குறைதானே? அதில் என்ன ரசனை?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் ஒரே படத்தைத்தான் பதிலாகச் சொல்வேன். ஷினிச்சிரோ உவேதா இயக்கிய ஜப்பானியப் படம், 'ஒன் கட் ஆஃப் தி டெட்'.

டோக்கியோவில் நடிப்பும் இயக்கமும் சொல்லித்தரும் ஒரு பயிற்சிப் பள்ளியின் பட்டறையில் உருவான படம் அது. செலவு 30 லட்சம் யென், அன்றைய மதிப்பில் சுமார் 17 லட்சம் ரூபாய். நடித்தவர்களில் வெளியே பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை. ஷூட்டிங் எட்டே நாள். 2017 நவம்பரில் டோக்கியோவின் ஒரு சின்னத் திரையரங்கில் ஆறு நாள் ஓட்டினார்கள். மறுவருடம் இத்தாலியின் உதினே நகரத் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் கொண்டாடினார்கள். 2018 ஜூனில் டோக்கியோவில் இரண்டே அரங்குகளில் மறுபடி வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் அடுத்தவர்களிடம் சொன்னார்கள். அரங்குகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஜப்பானில் மட்டும் 300 கோடி யென்னுக்கு மேல் வசூல். போட்ட பணம் ஆயிரம் மடங்காகத் திரும்பியது.

படத்தின் முதல் 37 நிமிடம் ஒரே ஷாட், நடுவில் வெட்டே கிடையாது. கைவிடப்பட்ட ஒரு தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு குழு ஜாம்பி படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நிஜ ஜாம்பிகள் வந்துவிடுகின்றன. பார்க்கும்போது பல இடங்கள் உறுத்தும். பேச்சு திடீரென நின்று, எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உயிர் போகிற நேரத்தில் ஒருவர் இன்னொருவரிடம் பொழுதுபோக்கு என்ன என்று விசாரிப்பார். கேமரா தரையில் விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். ஒரு அலறல் தேவைக்கு மேல் நீளும். முதல்முறை பார்க்கிறவர்கள் பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

படத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறீர்கள் என்றால் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

37ஆவது நிமிடத்தில் பெயர்கள் ஓடி முடிகின்றன. கதை ஒரு மாதம் பின்னால் போகிறது. ஒரு டிவி சேனலுக்கு நேரலையில், வெட்டே இல்லாமல் ஒரு ஜாம்பி கதை எடுத்துத் தரும் வேலை, பெரிய பெயர் இல்லாத ஒரு இயக்குநருக்குக் கிடைக்கிறது. கடைசிப் பகுதியில் அதே 37 நிமிடத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்று மறுபடி பார்க்கிறோம். ஒருவர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். ஒருவருக்கு வயிற்றைக் கலக்குகிறது. நேரலையை நிறுத்த வழியில்லை. முன்னால் நமக்கு உறுத்திய ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் பின்னால் ஒருவர் ஓடிக்கொண்டிருக்கிறார், ஒருவர் இன்னொருவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். முடிவில் மேலிருந்து எடுக்க வேண்டிய ஷாட்டுக்குக் கிரேன் இல்லாமல் போகிறது. நடிகர், உதவியாளர், தயாரிப்பு ஆள் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராக மண்டியிட்டுக் கோபுரம் கட்டுகிறார்கள். உச்சியில் அப்பாவின் தோளில் மகள், அவள் கையில் கேமரா. முதல்முறை அதைப் பார்த்தபோது சிரித்துக்கொண்டே இருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிரேன் இருந்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை. பணம் இருக்கிற படத்தில் வேலை செய்த கைகள் மறைந்துவிடும். மறைப்பதற்குத்தான் பணம். இல்லாத படத்தில் ஒவ்வொரு ஷாட்டிலும் கை தெரியும். சுவரில் ரத்தம் தெறித்தால், சட்டகத்துக்கு வெளியே வாளியோடு நிற்கிறவர் மனதில் வந்துவிடுவார். நான் இந்தப் படங்களைத் தேடிப் போவது அந்த ஆளுக்காகத்தான்.

2022இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாகத் திரையிடப்பட்டது இதே கதையின் பிரெஞ்சு மறு ஆக்கம். பெயர் பெற்ற நடிகர்கள், பெரிய செலவு. மூலத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது?

வேகமின்மையிலிருந்து. பழைய பாணி ஜாம்பி ஆடி அசைந்துதான் வரும். அது வந்து சேர்வதற்குள் மனிதர்களுக்குப் பேச நேரம் கிடைக்கிறது. சண்டை போட, பழைய கடனை ஞாபகப்படுத்த, யார் கதவைச் சாத்தவில்லை என்று குற்றம் சொல்ல நேரம் கிடைக்கிறது. கண்ணெதிரே சாவு நடந்து வந்துகொண்டிருக்க, இவர்கள் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசுவார்கள். இந்த வகைக்குள் பலரை அழைத்துவந்த 2004ஆம் வருடத்து 'ஷான் ஆஃப் தி டெட்' படத்தில், நாயகன் இரவு குடித்த மப்பு தெளியாமல் தெருக்கடைக்குப் போய்த் திரும்புவான். சுற்றிலும் ஜாம்பிகள். அவன் கவனிக்கவே மாட்டான்.

வேகமின்மையை வைத்து எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த காட்சி 2012இல் வந்த 'காக்னீஸ் வெர்சஸ் ஜாம்பீஸ்' படத்தில் இருக்கிறது. கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லம். நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தாத்தா தப்பிக்கிறார். பின்னால் ஒரு ஜாம்பி துரத்துகிறது. இருவருக்கும் ஒரே வேகம். உலகத்திலேயே மெதுவான துரத்தல். தாத்தா ஒரு அடி வைத்தால் அதுவும் ஒரு அடி. விழுந்து விழுந்து சிரிக்கிறோம், ஆனால் அவர் தப்பிக்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. முழங்கால் வலியோடு படியேறும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்தக் காட்சியைப் போட்டுப் பாருங்கள், அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள்.

பிணத்தை வைத்துச் சிரிப்பது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாததில்லையா?

இதைக் கேட்கிறவர்களைக் கலிங்கத்துப்பரணியின் கடைசிப் பகுதியைப் படிக்கச் சொல்வேன். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடியது. போர் முடிந்த களத்தில் பசித்த பேய்கள் கூழ் காய்ச்சுகின்றன. யானைத் தந்தத்தால் பல் விளக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்துக்கொண்டு சமையலுக்கு உட்காருகின்றன. மூளையும் கூழாகிறது. பந்தியில் ஒரு மக்குப் பேய் இருக்கிறது. அதன் கையில் ஓட்டைக் கலம். கூழ் கீழே ஒழுகுகிறது. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கக் கலத்தைத் தலைகீழாகத் திருப்புகிறது. அத்தனையும் கொட்டிப்போக, திகைத்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்கிறார் புலவர்.

கொடூரத்தையும் நகைச்சுவையையும் ஒரே அகப்பையால் பரிமாறத் தெரிந்த மொழி நம்முடையது. பள்ளியில் அந்தப் பகுதியை எங்களுக்கு நடத்தாமல் விட்டது இன்றும் எனக்கு வருத்தம்.

ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வரும். பார்க்கலாமா?

1968 படத்தில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் அதுதான் அசல் ரத்தம் போலத் தெரிந்தது. இது தெரிந்த பிறகு என் அக்காவுக்குப் பயம் பாதி போய்விட்டது.

ஆனால் நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் 1992இல் எடுத்த 'பிரெய்ன்டெட்' பக்கம் மட்டும் நீங்கள் போக வேண்டாம். அதன் முடிவுக் காட்சிக்கு மட்டும் 300 லிட்டர் போலி ரத்தம். நாயகன் புல் வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு நிறைந்த ஜாம்பிக் கூட்டத்துக்குள் நுழைகிறான். அளவு கடந்துபோகும்போது அது ரத்தமாகவே தெரியாது, ஹோலி விளையாடுவது போல ஆகிவிடும். ஆனாலும் சாப்பிடும் முன் வேண்டாம்.

அந்த பீட்டர் ஜாக்சனா, 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்தவர்?

அவரேதான். அதற்கும் முன்னால் 'பேட் டேஸ்ட்' என்று ஒரு படம், 1987இல் வெளிவந்தது. வில்லன்கள் ஏலியன்கள் என்றாலும் குணத்தில் ஜாம்பி காமெடிக்குப் பங்காளி. வார நாட்களில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் வேலை, வார இறுதியில் நண்பர்களோடு ஷூட்டிங், இப்படியே நான்கு வருடம் ஓடியது. ஏலியன் முகமூடிகளை அம்மாவின் சமையலறை அடுப்பில் சுட்டு எடுத்தார். அந்தப் பையன்தான் 2004இல் ஒரே படத்துக்கு 11 ஆஸ்கர் வாங்கிய மேடையில் நின்றார். அம்மாவின் அடுப்பில் வெந்த முகமூடியில் இருந்த அதே பிடிவாதத்தைத்தான் பின்னால் வந்த பெரிய போர்க் காட்சிகளிலும் நான் பார்க்கிறேன்.

வெறும் கேலிதானா, சொல்வதற்கு விஷயம் ஏதாவது உண்டா?

கியூபாவில் 2011இல் எடுத்த 'ஹுவான் ஆஃப் தி டெட்' பாருங்கள். ஹவானா தெருக்களில் ஜாம்பிகள் அலைகின்றன. அரசுத் தொலைக்காட்சி என்ன சொல்கிறது? இவர்கள் அமெரிக்காவிடம் காசு வாங்கிய அதிருப்தியாளர்கள் என்கிறது. மக்கள் செய்தியைக் கேட்டுக்கொண்டு, தங்களுக்குத் தெரிந்த வழியில் பிழைப்பைப் பார்க்கிறார்கள். ஹுவான் ஒரு தொழில் ஆரம்பிக்கிறான். வீட்டில் யாராவது ஜாம்பி ஆகிவிட்டால் போன் செய்தால் போதும், வந்து முடித்துக் கொடுப்பான், கட்டணம் உண்டு. எத்தனையோ நெருக்கடிகளைப் பார்த்துவிட்ட ஊருக்கு இதுவும் இன்னொன்று, அவ்வளவுதான். எல்லோரும் படகு தேடி ஓடும் நேரத்தில் அவன் எடுக்கும் முடிவு வரைக்கும் படம் தன் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்பெயினின் கோயா விருது அதற்குக் கிடைத்தது. நேராகச் சொன்னால் நெற்றி சுருக்கும் விஷயத்தை, பிணத்தின் வாயால் சொன்னபோது சிரித்துக் கேட்டார்கள்.

தமிழில் இருக்கிறதா?

2016இல் ஜெயம் ரவி நடித்த 'மிருதன்' ஜாம்பி படம்தான், ஆனால் காமெடி இல்லை. 2019இல் யோகி பாபு நடித்த 'ஜாம்பி' காமெடியாகவே வந்தது. தெலுங்கில் 2021இல் 'ஜாம்பி ரெட்டி'. ராயலசீமைப் பகையையும் ஜாம்பியையும் ஒன்றாகக் கலந்த துணிச்சல் எனக்குப் பிடித்தது. இந்தியில் 2013இல் 'கோ கோவா கான்'.

இவை எல்லாமே தெரிந்த முகங்களை வைத்துத் திரையரங்கை நம்பி எடுத்தவை. நான் ஏங்குவது வேறு. ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் காலை, பந்தல் பிரிக்கிற நேரத்தில், தூக்கம் கலையாத ஊருக்குள் நடக்கிற ஒரு ஜாம்பி கதை. ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்களில் யார் ஜாம்பி, யார் ஜாம்பி இல்லை என்று எப்படித் தெரியும்? யாராவது எடுங்கள். முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன்.

எல்லாமே நல்ல படங்களா?

இல்லை. பெரும்பாலானவை சுமார்தான், பல மோசம். வேண்டுமென்றே மோசமாக எடுத்துவிட்டு, பாருங்கள் எவ்வளவு மோசம் என்று கண்ணடிக்கும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே யாரும் உழைக்கவில்லை. முழு மூச்சாக முயன்று, எட்டாத உயரத்துக்குக் கையை நீட்டி, கொஞ்சம் தவறிய படங்கள்தான் என்னை இழுக்கின்றன.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

நான் சொன்ன எதையும் வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது?

'ஒன் கட்'. தனியாகப் பார்க்காதீர்கள், நாலு பேராவது வேண்டும். அது பிடித்தால் 'ஹுவான்', பிறகு லண்டன் தாத்தா. வயிறு தாங்கும் என்றால் 'பிரெய்ன்டெட்'. டப்பிங்கைவிட சப்டைட்டிலோடு பாருங்கள். ஜப்பானிய அலறலும் கியூப அலறலும் ஒன்றில்லை.

நானே ஒன்று எடுக்க வேண்டும் போலிருக்கிறது. முடியுமா?

முடியும். 2020இல் ஊரடங்கின்போது உவேதாவின் குழு ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலேயே, அவரவர் வீட்டில் போனில் எடுத்ததைச் சேர்த்து 'ஒன் கட்' படத்துக்கு ஒரு குறும்படத் தொடர்ச்சி செய்து யூடியூபில் இலவசமாகப் போட்டது. பிரிட்டனில் மார்க் பிரைஸ் எடுத்த 'காலின்', காமெடி இல்லைதான், ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய படம். ஒரு ஜாம்பியின் பக்கம் நின்றே கதை முழுவதையும் சொல்கிறது. அதற்குச் செலவு 45 பவுண்ட் என்று இயக்குநரே சொன்னார். நம் கணக்கில் அன்றைக்கு 4,000 ரூபாய்க்குள். மேக்கப் கலைஞர்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே கொண்டுவந்தார்கள். 2009இல் கான் நகரத்துத் திரைப்படச் சந்தை வரைக்கும் அது போனது.

நண்பர்களின் குறும்படத்துக்கு நான் ரத்தம் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரைப் பாகு, சிவப்பு ஃபுட் கலர், நிறத்தைக் கொஞ்சம் மங்கவைக்க கோகோ பவுடர். பாகு தண்ணீராக இருந்தால் முகத்தில் நிற்காது, கம்பிப் பதம் வரும் முன் இறக்கிவிட வேண்டும். சிதைந்த தோலுக்கு டிஷ்யூ பேப்பரும், லேடெக்ஸ் என்ற திரவ ரப்பரும். தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதல் நாளே முழங்கையில் தடவிப் பார்த்துவிடுங்கள். ஷூட்டிங்கைக் காலையிலேயே ஆரம்பியுங்கள். வெயில் ஏறினால் பாகு காய்ந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வாய் நிறைய ரத்தத்தோடு தரையில் கிடக்கிறவரைத் தேடி எறும்பு வரும். அவர் அசையாமல் பொறுத்துக்கொண்டிருப்பார், நீங்கள்தான் பார்த்துத் தட்டிவிட வேண்டும்.

'காலின்' படத்தின் 45 பவுண்ட் எதற்குப் போனது தெரியுமா? ஒரு கடப்பாரை, கேமராவுக்கு டேப், வந்தவர்களுக்கு டீயும் காபியும். கடப்பாரையை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம். டீக்குக் காசை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.